மருந்து எந்த அலமாரியில்? நூலகமும் எந்திர வாசிப்பும் சிவகாசியும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ‘மருந்து’ என்றால் மாத்திரையோ டானிக்கோ இல்லை. பட்டாசுக் குழாய்க்குள் செலுத்துகிற வெடிக்கலவை. ‘அவ மருந்து ரூம்ல இருக்கா’ என்று ஒரு தாய் சொன்னால் அந்த வீட்டில் ஒரு பயம் இருக்கிறது என்று அர்த்தம். அதே மாதிரி ‘ஆபீஸ்’. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். ‘ஆபீஸ் வேன் வந்துருச்சு’ன்னு விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஓடுகிற பெண் கோப்பு பார்க்கப் போகவில்லை. ஊர்க்காரர்களுக்கு இந்த இரண்டு சொற்களிலும் எந்தக் குழப்பமும் கிடையாது. நூலகங்களுக்குள் இப்போது வந்துகொண்டிருக்கிற செயற்கை அறிவு இவற்றை எந்த அலமாரியில் கொண்டுபோய் வைக்கும் என்று கேட்டால், அதன் வேலைமுறையும் புரியும், அரசியலும் புரியும்.

செயற்கை அறிவு என்று ஒருமையில் பேசுவதே தப்பு. நூலகத்துக்குள் அது குறைந்தது நான்கு வேடங்களில் வருகிறது. பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்தாக்குவது ஒன்று. நூலுக்குப் பொருள் தலைப்பு ஒட்டுவது ஒன்று. வாசகர் தேடுகிற சொல் நூலில் இல்லாவிட்டாலும் அதே பொருளுள்ள பக்கத்தைக் கொண்டுவந்து தருவது ஒன்று. கேட்ட கேள்விக்குப் பத்தியாகப் பதில் எழுதித் தருவது இன்னொன்று. நமது வட்டத்தில் இதற்கு இரண்டு சுலபமான எதிர்வினைகள் உண்டு: எல்லாம் ஏகாதிபத்தியச் சதி, அல்லது, ஆகா, இனி தமிழ் உலகை வெல்லும். இரண்டுமே நூலகத்துக்குள் போய்ப் பார்க்காதவர்கள் பேசுகிறவை.

எழுத்தாக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே தமிழுக்கு உண்மையான அனுபவம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வருடிய நாட்டுடைமை நூல்கள் 2000க்கும் மேற்பட்டவை 2015-16 வாக்கில் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. கூகுளின் எழுத்தறி சேவைக்குப் பக்கங்களை அனுப்பி, திரும்பி வரும் எழுத்தை விக்கிமூலத்தில் ஏற்றுவதற்கு த. சீனிவாசன் ஒரு கட்டற்ற நிரல் எழுதினார். லட்சக்கணக்கான பக்கங்கள் சில மாதங்களில் தேடத்தக்கவையாக மாறின. கையால் தட்டச்சு செய்திருந்தால் ஒரு தலைமுறைக்கான வேலை. ஆனால் அதற்குப் பிறகு மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, இன்றும் வேண்டியிருக்கிறது. எந்திரம் ஒரே மூச்சில் ஓடி முடித்த தூரத்தைத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக நடந்து கடக்கிறார்கள்.

எந்திரம் எழுத்தை எப்படிப் படிக்கிறது? அதற்குப் பக்கம் என்பது கருப்பும் வெளுப்புமான புள்ளிகள். பழைய எழுத்தறி நிரல்கள் ஒவ்வொரு எழுத்தின் உருவத்தையும் தனித்தனியாக அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தன. பழைய அச்சில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு சொற்பம். 1978இன் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்திய புத்தகங்களில் துதிக்கை மாதிரி மேலே வளைந்த லை, னை. இவற்றில் எல்லாம் அவை தடுக்கி விழுந்தன. (1935 முதல் பெரியார் சீர்திருத்த எழுத்தில் அச்சிட்ட ‘குடி அரசு’ ஏடுகள், அதே காலத்து மற்ற ஏடுகளைவிட இன்றைய எந்திரத்துக்கு இணக்கமானவை. அவர் இதை நினைத்துச் செய்யவில்லை என்றாலும் கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.) இப்போதைய நிரல்கள் வேறு மாதிரி. ஏராளமான அச்சுப் பக்கங்களைப் பார்த்துப் பழகி, ஒரு வரி முழுவதையும் சேர்த்துப் பார்த்து, இந்த இடத்தில் என்ன சொல் வரக்கூடும் என்று ஊகிக்கின்றன. அதனால் தப்புகள் குறைந்திருக்கின்றன. ஆனால் தப்பின் குணம் மாறிவிட்டது. பழைய எந்திரம் தப்பாகப் படித்தால் குப்பையாகத் தெரியும். யாரும் ஏமாற மாட்டார்கள். புதிய எந்திரம் தப்பாகப் படித்தால் அது நல்ல தமிழாக இருக்கும். தனக்குத் தெரியாத வட்டாரச் சொல்லைத் தனக்குத் தெரிந்த பொதுச் சொல்லாக மாற்றி எழுதிவிடும். கரிசல் எழுத்தாளர் ஒருவர் பாடுபட்டு அச்சில் ஏற்றிய சொல், சத்தமில்லாமல் செய்தித்தாள் தமிழாகிவிடும். பார்க்கிற கண்ணுக்கு அது பிழையாகவே தெரியாது.

இது ஒருபுறம். எந்திரத்திடம் படிக்கக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

சிவகாசி மூன்று தொழில்களின் ஊர். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, பிறகு பட்டாசு, இரண்டுக்கும் லேபிள் வேண்டுமென்று அச்சு. இந்தியாவின் எந்த மூலையில் ஒரு மளிகைக் கடைச் சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கினாலும் அது சிவகாசியில் அச்சாகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் இந்த நாட்காட்டிகள் வழியாகத்தான் வீடுவீடாகப் போனார்கள். இந்த அச்சுப் பண்பாட்டைப் பற்றிக் கஜ்ரி ஜெயின் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய ஆய்வு நூல் 2007இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. சரி, அந்த நாட்காட்டிகளும் தீப்பெட்டி லேபிள்களும் சரவெடிப் பெட்டியின் மேலுறைகளும் எந்தப் பொது நூலகத்தில் வரிசையாக இருக்கின்றன? 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி பதிப்பாளர் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். லேபிளும் தினசரி நாட்காட்டியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் புத்தகம் இல்லை. நாட்டுக்கே தாள் அச்சிட்டுத் தள்ளிய ஊரின் தாள்கள் கிழிபட்டுப் போவதற்கென்றே அச்சானவை.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், துண்டறிக்கை என்று பிறர் தூக்கியெறிவதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. இன்று தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி எவர் எழுதினாலும் அங்கே போகாமல் எழுத முடியாது. அந்த மனிதரிடம் எந்த எந்திரமும் இல்லை. எதைக் குப்பையென்று நினைக்கக் கூடாது என்ற புத்தி மட்டும் இருந்தது. அந்தப் புத்தியைச் செயற்கை அறிவு தராது. ஏற்கெனவே சேர்த்துவைத்ததைத்தான் அது வேகமாகத் துழாவும்.

துழாவுவது என்பதிலும் புதிதாக ஒன்று நடந்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பழைய கணினித் தேடல் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். ‘விருதுநகர்’ என்று கேட்டால் விருதுநகர் என்றே அச்சான இடம்தான் கிடைக்கும். இந்த ஊரின் கதை அப்படியா இருக்கிறது? 1923 வரை இது விருதுபட்டி. சிவகாசி 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு இராமநாதபுரம் மாவட்டம். 1985இல் காமராஜர் மாவட்டம். 1997இல், தென்மாவட்டச் சாதி மோதல்களுக்குப் பின் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை நீக்கியபோது, விருதுநகர் மாவட்டம். ஆவணம் எழுதப்பட்ட ஆண்டு எதுவோ அந்தப் பெயரில்தான் அது உட்கார்ந்திருக்கும். புதிய தேடல்முறை ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு பத்தியையும் ஒரு நீண்ட எண்வரிசையாக மாற்றிக்கொள்கிறது. ஒரே மாதிரிச் சூழலில் வருகிற சொற்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எண்வரிசை அமையும். அதனால் சொல் ஒன்றாக இல்லாவிட்டாலும் ‘பக்கத்தில்’ இருக்கிற பத்தியை அது எடுத்துக் கொடுக்கும். தீப்பெட்டித் தொழிலைப் பற்றித் தேடுகிறவருக்கு, அந்தச் சொல்லே இல்லாமல் ‘குச்சி அடுக்குற பிள்ளைக’ பற்றி எழுதிய கதை கிடைக்கலாம். பழைய அட்டைப் பட்டியலில் இது நடக்காது. நமக்கு உபயோகமான விசயம்தான்.

ஆனால் எந்தச் சொல் எதற்குப் பக்கத்தில் என்பதை யார் தீர்மானித்தது? எந்திரம் பழகிய எழுத்துக் குவியல். அந்தக் குவியலில் மருந்து என்ற சொல் மருத்துவமனை, மாத்திரை, கடை என்பவற்றோடு ஆயிரம் தடவை வருகிறது. சாத்தூர்ப் பெண் ஒருத்தி பேசுகிற மருந்து அதில் சில தடவைதான் வந்திருக்கும். ஆகவே ‘மருந்து ஒத்துக்கலை, கையெல்லாம் வெந்துபோச்சு’ என்கிற அவளுடைய வாக்குமூலம் ஒவ்வாமை, தோல்நோய் என்ற பகுதிக்குப் போய்ச் சேர்ந்தால் அது எந்திரத்தின் கோளாறு அல்ல. அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பெரும்பான்மையின் வழக்கே பொருள் என்று அதற்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இன்னும் கூர்மையான உதாரணம் 1899. அந்த ஆண்டு சிவகாசியில் நடந்ததை மக்கள் ‘சிவகாசிக் கொள்ளை’ என்றார்கள். அரசு ஆவணங்களுக்கு அது கலவரம். கோயில் நுழைவுக்கான நாடார்களின் நெடிய போராட்டத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது வேறு. பூமணி அதைக் கழுகுமலைக் கலகத்தோடு சேர்த்து ‘அஞ்ஞாடி’ (2012) நாவலுக்குள் கொண்டுவந்தார். நூலகப் பட்டியலில் எந்தப் பொருள் தலைப்பைப் போடுவது? கொள்ளையா, கலவரமா, கலகமா? மனித நூலகர் ஒருவர் இதைப் போடும்போது தயங்குவார், பக்கத்து மேசையில் கேட்பார், சண்டை போடுவார். எந்திரம் தயங்காது. எது அதிகம் வழங்குகிறதோ அதை ஒட்டிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. 1921இல் அரசு ஆவணங்களில் ‘நாடார்’ என்ற பெயர் ஏற்கப்படுவதற்கு முந்திய காகிதங்களில் அந்த மக்கள் வேறு பெயரில், அவர்களே இழிவென்று ஒதுக்கிய பெயரில் இருக்கிறார்கள். இரண்டையும் இணைத்துத் தேடாவிட்டால் வரலாற்றில் பாதி காணாமல் போகும். இணைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளை தேடும்போது திரையில் அந்தப் பழைய சொல்லை இணைச்சொல்லாகக் காட்டினால் அது வசவு. இணைக்க வேண்டும், ஆனால் காட்டுகிற இடத்தில் விளக்கத்தோடு காட்ட வேண்டும். இதைச் செய்ய ஊரும் சாதியும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

வகைப்பாடு எதுவும் அப்பாவி இல்லை என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். ஃபூக்கோ 1966இல் வெளியிட்ட ‘சொற்களும் பொருட்களும்’ நூலை போர்ஹெஸ் கற்பனை செய்த ஒரு வினோத விலங்குப் பட்டியலைச் சொல்லிச் சிரித்துத்தான் தொடங்குகிறார். அந்த போர்ஹெஸ் அர்ஜென்டினாவின் தேசிய நூலகத்துக்கு இயக்குநராக இருந்தவர். சிரிப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டூயியின் தசமப் பகுப்பில் சமயத்துக்கான 200 முதல் 299 வரையிலான எண்களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கு, இந்தியச் சமயங்களெல்லாம் 294க்குள் நெருக்கியடித்துக்கொண்டு. ஆனாலும் டூயியின் பாரபட்சம் அச்சில் இருக்கிறது. எவரும் பக்கத்தைத் திறந்து காட்டிச் சண்டை போடலாம். நம்மூர் ரங்கநாதன் அதோடுதான் சண்டை போட்டார். சீர்காழிக்காரர், கணிதம் கற்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பில் அறிவை ஒற்றை மரமாகப் பார்க்காமல் முகங்களாகப் பிரித்தார்: எது, எந்தப் பொருளால், என்ன வினை, எந்த இடம், எந்தக் காலம். லண்டன் கடையொன்றில் பார்த்த மெக்கானோ விளையாட்டுச் சாமான் அதற்குத் தூண்டுதல் என்று சொல்வார்கள். துண்டுகளைச் சேர்க்கலாம், பிரிக்கலாம், சேர்த்த இடம் வெளியே தெரியும். எண்வரிசைத் தேடலில் சேர்த்த இடம் தெரியாது. இந்தப் புத்தகம் ஏன் எனக்கு வந்தது என்று கேட்டால் எந்திரத்திடம் சில நூறு எண்கள் இருக்கின்றன, காரணம் இல்லை.

அடுத்தது கேள்வி பதில். இதுதான் எல்லோரையும் மயக்குகிறது. எந்திரம் அடுத்தடுத்த சொல்லை ஊகித்து எழுதுகிறது. எழுதியது உண்மையா என்பது அதற்குத் தனி வேலை இல்லை. 2025 மே மாதம் சிகாகோ நகரத்து நாளிதழ் ஒன்றின் இணைப்பில் கோடை வாசிப்புக்கு 15 புத்தகங்களின் பட்டியல் வந்தது. 10 புத்தகங்கள் உலகத்தில் இல்லவே இல்லை. எழுதியவர்களின் பெயர்கள் உண்மை, புத்தகங்கள் எந்திரத்தின் கற்பனை. நானும் கைப்பேசியில் கிடைக்கிற ஒரு செயலியிடம் தீப்பெட்டித் தொழிலாளர் பற்றிய தமிழ் நூல்களைக் கேட்டுப் பார்த்தேன். மேலாண்மை பொன்னுச்சாமி பெயரில் அவர் எழுதாத ஒரு நாவல் வந்தது. தலைப்பு நன்றாகவே இருந்தது. இனி நூலகக் கவுண்டரில் வந்து நின்று ‘இருக்குன்னு போட்டிருக்கே, நீங்க தேடித் தரமாட்டேங்கறீங்க’ என்று கோபப்படும் வாசகர்களுக்கு நூலகர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி சொல்கிறார்கள். எந்திரம் தன் நினைவிலிருந்து பேசாமல், முதலில் நூலகச் சேகரத்தில் தேடி, கிடைத்த பக்கங்களை வைத்து மட்டும் பதில் எழுத வேண்டும், பக்க எண்ணையும் காட்ட வேண்டும். நல்ல வழிதான். ஆனால் பட்டாசு விபத்து ஏன் நடக்கிறது என்று அந்த எந்திரத்திடம் கேளுங்கள். சேகரத்தில் நாளிதழ்கள் இருக்கும். ஒவ்வொரு விபத்துச் செய்தியிலும் ஒரே வாக்கியம் இருக்கும்: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. நூறு செய்திகளைச் சுருக்கினால் பதில்: உராய்வு. பக்க எண்களும் சரியாக இருக்கும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் 38 பேர் இறந்ததும் உராய்வு. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளமும் உராய்வு. உராய்வு உண்மைதான், அது வேதியியல். ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆலையை யார் யாருக்கு உள்குத்தகைக்கு விட்டது, பீஸ் ரேட்டுக்கு ஓடுகிற கை ஏன் நிதானிக்க முடியாது, தீபாவளிக்கு எத்தனை வாரம் இருந்தது, இவையெல்லாம் அந்த வாக்கியத்துக்கு வெளியே கிடக்கின்றன. முதலிப்பட்டியில் செத்தவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே அல்ல. புகையைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். ‘தொழிலாளர் மரணம்’ என்ற தலைப்பின் கீழ் தேடுகிறவருக்கு அவர்கள் கிடைப்பார்களா? ரங்கநாதனின் முகங்களை இங்கே போட்டுப் பாருங்கள். எது, எந்தப் பொருள், என்ன வினை, எங்கே, எப்போது என்று ஒவ்வொரு விபத்தையும் பதிந்து, அதோடு எவ்வகை உரிமம், எத்தனை பேர், குத்தகை உண்டா என்ற முகங்களையும் சேர்த்தால், உராய்வு என்பது பல முகங்களில் ஒன்றாகச் சுருங்கும். இந்தப் பதிவுக்கு வேண்டிய தாள்கள் முதல் தகவல் அறிக்கை, விசாரணை அறிக்கை, இழப்பீட்டு உத்தரவு, சங்கத் துண்டறிக்கை. நாளிதழ் கட்டுகளில் இவை இல்லை. ஒருமுறை சேர்த்துவிட்டால் அவற்றைப் படித்து முகம் முகமாகப் பிரித்துத் தருவதில் எந்திரம் அருமையான குமாஸ்தா. அதை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொழிலாளி குடும்பத்துக்கு நேரடியாகப் பயன்படுகிற இடமும் இருக்கிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று சொன்ன தீர்ப்பு, பட்டாசுக்கான பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்த 2018 அக்டோபர் 23 தீர்ப்பு, இரண்டுமே இந்த வட்டாரத்தின் அடுப்பைத் தொட்டவை. இரண்டும் ஆங்கிலம். 2019 முதல் உச்சநீதிமன்றமே எந்திரத் துணையோடு தீர்ப்புகளை மொழிபெயர்க்கிறது. கிளை நூலகம் ஒன்றில் ஒருவர் உட்கார்ந்து, எந்திரம் தந்த தமிழைத் திருத்தி, பெரிய எழுத்தில் தாளாக வைத்தால் போதும். எச்சரிக்கை ஒன்று: 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன் பழகி முடித்த எந்திரம் பழைய சட்டத்தையே அடித்துச் சொல்லும். விபத்து நடந்த தேதியைப் பொறுத்து எது பொருந்தும் என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும். நூலக வரியைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கிற மாநிலம் இது; 1948இலேயே பொது நூலகச் சட்டம் போட்ட முதல் மாநிலமும் இதுதான். அந்த வரியில் எந்திரத்துக்குச் சந்தா கட்டிவிட்டு ஆள் போடாமல் விட்டால் நான் மேலே சொன்ன எல்லாத் திருத்தங்களும் செய்ய ஆளில்லாமல் போகும். தமிழுக்குச் சந்தாவும் கூடுதல். எந்திரங்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிடப் பல மடங்கு துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன, கட்டணம் துண்டுக்கு இவ்வளவு என்று.

கடைசியாகக் குரல். இந்த வட்டாரத்தின் முக்கியமான நூல்கள் இன்னும் எழுதப்படவில்லை. அவை பெண்களின் வாயில் இருக்கின்றன. பேச்சை எழுத்தாக்குகிற எந்திரங்கள் இப்போது தமிழுக்கும் வந்துவிட்டன. ஒன்றிய அரசு 2022இல் தொடங்கிய பாஷினி, சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவின் வேலை இதெல்லாம் உதவும். வெம்பக்கோட்டைப் பேச்சை அவை தடுமாறித்தான் எழுதும், திருத்திக்கொள்ளலாம். திரி, மணிமருந்து, பேன்சி, ஆபீஸ், போர்மேன் என்று ஊர்ச்சொல் பட்டியல் ஒன்றைச் செய்து முதலிலேயே எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் பாதித் தடுமாற்றம் போய்விடும். அந்தப் பட்டியலைச் செய்வதே ஒரு சங்கக் கிளையோ இலக்கிய வட்டமோ இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கிற காரியம்.

ஆனால் பதிவு தேடத்தக்கதாக ஆன அன்றே, பேசியவளின் பிள்ளைகள் தேடுகிற மாதிரி அவளுடைய போர்மேனும் தேடலாம். பெயரை மறைத்தாலும் குரல் இருக்கிறது. குரலைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கவும் எந்திரம் உண்டு. ‘நான் சொன்னதா போட்டுராதீக, நாளைக்கும் நான் அங்கதான் வேலைக்குப் போகணும்’ என்று ஒரு பெண் பதிவுக்கு நடுவில் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒலிக்கோப்பு எங்கே இருக்கும், எத்தனை ஆண்டு மூடியிருக்கும், எந்த நிறுவனத்தின் எந்திரத்துக்கும் பழகக் கொடுக்கப்படாது என்று யார் எழுதிக் கையெழுத்துப் போடுவது, அவள் வேண்டாம் என்று சொல்லி வந்தால் அழிக்கிற சாவி யாரிடம்? ஒலிப்பதிவுக் கருவியோடு ஊருக்குள் போகுமுன் இந்த நான்குக்கும் பதில் தாளில் எழுதி, படித்துக் காட்டி, அவளிடம் ஒரு படி கொடுத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.